ஒடியல் கூழ் காய்ச்சத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. ஒடியல் கூழ், அதுதான் காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் கூழ், ஒரு வாய் குடித்தால் நல்லாயிருக்கும் என்கிறார். சனிக்கிழமை காய்ச்ச இருக்கிறேன். யாழ்ப்பாணம், தீவுப் பக்கம் காய்ச்சிப் பழகியவர்கள் சொல்லித் தாருங்கள்.

நண்டு, இறால், கணவாய், மீன் தலை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் கிடைத்துவிட்டன. செத்தல் மிளகாய் அரைத்துப் பழப்புளியோடு கரைத்து விடுவதும் தெரியும். சந்தேகம் முழுக்க மாவில்தான்.

வாங்கிய ஒடியல் மா நல்ல கைப்பு. விரல் நுனியில் தொட்டு நக்கினாலே தொண்டை வரை கைக்கிறது. தண்ணீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை வடிக்க வேண்டும், சரி. எத்தனை தரம் வடிப்பீர்கள்? கூடக் கழுவினால் ஒடியல் மணமும் போய்விடுமோ என்று யோசனையாக இருக்கிறது. அந்த மணம் இல்லாவிட்டால் அது கூழே இல்லை.

அப்புறம், ஆறும்போது கூழ் இன்னும் இறுகும் அல்லவா, அடுப்பில் எந்தப் பதத்தில் இறக்குவீர்கள்? ஒரு கிலோ மீன், நண்டு எல்லாம் சேர்த்தால் மா எவ்வளவு கரைக்கலாம்?

அம்மாவுக்கு முள் ஆகாது. மீன் தலையைத் தனியே அவித்து, சதையை உதிர்த்து, அவித்த தண்ணீரோடு சேர்த்தால் ருசி குறையுமா? அப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். வெள்ளி இரவுக்குள் தெரிந்தால் மாவை ஊறவிட வசதியாக இருக்கும்.