புதுப்பிப்பு: ஐஸ் குச்சிப் பாலம் என்ன ஆச்சு?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஐஸ் குச்சியில் பாலம் கட்டச் சொல்லித்தர எங்கே தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் முக்கோணத்தைச் சொன்னீர்கள். அப்படியே செய்தோம்.

குச்சி முனைகளில் ஓட்டை போட்டு நூலால் கட்டிய சதுரம், விரல் பட்டதும் சாய்ந்தது. குறுக்கே கொஞ்சம் நீளமான குச்சி ஒன்றைக் கட்டியதும் அசையவில்லை. பக்கங்களின் நீளம் மாறாவிட்டால் முக்கோணத்தின் கோணமும் மாறாது என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே சொன்னாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், எந்தக் குச்சி இழுபடுகிறது, எது அழுத்தப்படுகிறது என்ற கேள்வி வந்தது. சந்தேகமுள்ள குச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூல் கட்டிப் பாருங்கள். நூல் விறைத்துப் பாலம் நின்றால் அங்கே இழுவிசை. நூல் தொய்ந்து பாலம் மடங்கினால் அழுத்தம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

வாளி தொங்கவிட்டு மணல் போட்டதில் குச்சியைவிட இணைப்புகள்தான் முதலில் விட்டன. ஃபெவிகால் இரவு முழுக்கக் காயட்டும்.

நேப்பியர் பாலத்தையும் காட்டினோம். அதன் வில்வளைவு இரு முனைகளிலும் வெளியே தள்ளும். அடியிலுள்ள நாண் அதை இழுத்துப் பிடிக்கும்.

அடுத்து பாம்பன் வேண்டுமாம். 1914இல் திறந்த பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து உயர்ந்துவந்தது. 2025இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் பகுதி அப்படியே செங்குத்தாக ஏறும். எதிர் எடையோடு புதியதைச் செய்யப்போகிறோம். சின்னக் கப்பி பாரிமுனையில் எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்.