மார்க்கெட் ரிசர்ச்: நேர்ல போய் கேக்கணுமா, இருக்கிற ரிப்போர்ட்டே போதுமா?

புதுஆள்:
சின்ன கடைகளுக்கு ஸ்டாக் கணக்கு பாக்குற ஆப் ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம். நெட்ல கிடைக்கிற செகண்டரி டேட்டாவே (மத்தவங்க ஏற்கனவே எடுத்து வச்ச தகவல்) போதும்ங்கிறாரு பார்ட்னர், நான் 100 பேர்கிட்டயாவது சர்வே எடுக்கணும்ங்கிறேன். கைல இருக்கிற காசுக்கு ரெண்டையும் முழுசா பண்ண முடியாது. எது முதல்ல?

பழையசர்வேகாரன்:
முதல்ல செகண்டரி தான். சென்ஸஸ், வியாபார சங்கங்களோட ரிப்போர்ட், போட்டி கம்பெனிங்களோட ஆண்டறிக்கை இதெல்லாம் சும்மா கிடைக்கும்போது அதையே காசு குடுத்து எதுக்கு கேக்கணும். ஆனா ஒண்ணு, அது வேற யாரோ வேற எதுக்கோ எடுத்தது, எந்த வருஷம், "சின்ன கடை"ன்னா அவங்க கணக்குல எதுன்னு அடிக்குறிப்புல பாத்துடுங்க. நான் பாக்காம விட்டு மாட்டிருக்கேன், நாங்க நெனச்சது ஒத்தை ஆள் கடை, ரிப்போர்ட்ல பத்து பேர் வேலை பாக்குற கடையும் சேர்த்தி, போட்ட கணக்கு மொத்தமும் வீண்.

அப்புறம் அந்த 100 பேர். ராண்டமா, அதாவது குலுக்கல் மாதிரி ஆள் எடுத்தாலே 95% நம்பகத்துல (இதே மாதிரி 100 தடவ எடுத்தா சுமார் 95 தடவ) 10 பாயின்ட் இப்படி அப்படி போகும், அதாவது பாதி பேர் வேணும்னு சொன்னா நிஜம் 40லயும் இருக்கலாம் 60லயும் இருக்கலாம். 5 பாயின்டுக்குள்ள வேணும்னா கிட்டத்தட்ட 384 பேர். தெரிஞ்சவங்களா பாத்து கேட்டா இந்தக் கணக்கே செல்லாது. அதுக்கு 15 பேர்கிட்ட உக்காந்து பேசுறது மேல்.

குறுக்கேஒருத்தன்:
ஆள் எண்ணிக்கை மட்டும் காப்பாத்தாதுங்க. கோகோ கோலா சுமார் 2 லட்சம் பேர்கிட்ட ருசி பாக்கச் சொல்லிட்டு தான் 1985 ஏப்ரல்ல ஃபார்முலாவ மாத்துனாங்க, 79 நாள்ல பழசே திரும்பி வந்துச்சு. ஒரு வாய் குடிச்சு எது நல்லாருக்குன்னு சொல்றது வேற, பழகினத பிடுங்கிட்டா எப்படி இருக்கும்ங்கிறது வேற.

புதுஆள்:
ஐயோ, நான் எழுதி வச்சிருக்கிற முதல் கேள்வியே "இந்த மாதிரி ஆப் வந்தா வாங்குவீங்களா" தான்

பழையசர்வேகாரன்:
அத அடிச்சிடுங்க, முகத்துக்கு நேரா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. "நேத்து என்ன சரக்கு தீந்துச்சு, எப்படி தெரிஞ்சுது, எங்க எழுதி வச்சீங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க. நோட்ட எடுத்தா எத்தன பக்கம் காலியா இருக்குன்னு பாத்துக்கங்க. நோட்டே இல்லாம தலைலயே வச்சிருக்கிறவர் உங்க ஆப்பயும் திறக்க மாட்டாரு, அப்படிப்பட்டவங்க எத்தன பேருன்னு எந்த ரிப்போர்ட்லயும் தேடாதீங்க.