குடும்பத்துடன் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் முன்: பணம், மருந்து, பாதுகாப்பு பற்றிய ஐயங்கள்

கேள்வி: புதுப்பயணி

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாக நானும் என் கணவரும் பள்ளி செல்லும் எங்கள் மகளும் விரைவில் வெளிநாட்டில் குடியேற இருக்கிறோம். வேலை ஒப்பந்தம் என் பெயரில் உள்ளது. கணவரும் மகளும் என்னைச் சார்ந்தவர்களாக விசா பெறுகிறார்கள். வீடு பார்ப்பது, பள்ளியில் சேர்ப்பது போன்றவற்றுக்கு வேண்டிய தகவல்கள் ஓரளவு கிடைத்துவிட்டன. எனக்குக் கவலை தருபவை வேறு. கணவர் நீரிழிவு நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். என் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியாக வேண்டும். எங்கள் மூவரின் விசா, மருத்துவக் காப்பீடு, குடியிருப்பு எல்லாமே என்னுடைய ஒரே வேலையைச் சார்ந்திருக்கின்றன. அந்த வேலைக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் இரவில் உறங்கவிடுவதில்லை. காப்பீடு பற்றி ஒப்பந்தத்தில் "மருத்துவக் காப்பீடு வழங்கப்படும்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. புறப்படுவதற்கு முன் முடிக்க வேண்டியவை எவை, சென்றவுடன் செய்ய வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கணக்காளர்

வணக்கம் சகோதரி. விசாவும் காப்பீடும் வீடும் ஒரே வேலையைச் சார்ந்திருக்கின்றன என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் மையமான செய்தி என்று கருதுகிறேன். வீட்டிலுள்ள பொருள்கள் அனைத்தையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்தது போன்ற நிலை இது. வேலையை நம்மால் இரண்டாக்க முடியாது. ஆனால் அதில் தொங்கும் மற்றவற்றுக்குத் தனித்தனி ஆணி அடித்துக்கொள்ள முடியும். பணத்தைப் பொறுத்தவரை அதை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதுகிறேன்.

தாய்நாட்டில் உள்ள வங்கிக் கணக்கை மூடிவிடாதீர்கள். அதே சமயம், வெளிநாட்டில் வசிப்பவராக மாறுவதை வங்கிக்குத் தெரிவிக்காமலும் இருந்துவிடாதீர்கள். பல நாடுகளில் வெளிநாடுவாழ் குடிமக்களின் கணக்குகளுக்குத் தனி விதிகள் உண்டு. 2014ஆம் ஆண்டு பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வகுத்த பொது அறிக்கையிடல் நெறிமுறையின்படி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று தாமாகவே பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே சொல்லாமல் விட்டது தெரியாமல் போய்விடும் என்று எண்ண வேண்டாம். வரி விஷயத்தில் 183 நாள் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். பல நாடுகள் அந்த அளவுகோலைப் பயன்படுத்தினாலும், நிலையான வீடு எங்கே, குடும்பம் எங்கே என்பதையும் சேர்த்துப் பார்க்கும் நாடுகள் உண்டு. அமெரிக்கா தன் குடிமக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களுக்கு வரி விதிக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பலர் கடைசி நேரம் வரை நினைத்துப் பார்க்காத ஒன்று கைப்பேசி எண். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய எண்ணுக்கே வரும். அந்த எண் செயலிழந்துவிட்டால், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியிருக்காது. புறப்படும் முன் அந்த எண்ணை ரோமிங் வசதியுடன் உயிர்ப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது வெளிநாட்டு எண்ணையோ வங்கியின் செயலியையோ பயன்படுத்த வங்கி அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி: "கட்டணமே இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். செலவின் பெரும்பகுதி பெரும்பாலும் மாற்று விகிதத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். அன்றைய சந்தையின் நடுவிகிதத்தை (வாங்கும் விகிதத்துக்கும் விற்கும் விகிதத்துக்கும் நடுவில் உள்ளதை) இணையத்தில் பார்த்து, நீங்கள் செலுத்தும் முழுத் தொகைக்குப் பெற்றோர் கையில் கடைசியாக எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அனுப்பும் செலவை 2030க்குள் மூன்று விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று; நீங்கள் செலுத்துவது நியாயமா என்று அளந்து பார்க்க அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். வங்கி வழியாக அனுப்பினால், இடையிலுள்ள வங்கிகளின் கட்டணத்தை அனுப்புபவர் ஏற்பதா, பெறுபவர் ஏற்பதா, பகிர்வதா என்ற தேர்வு இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் தொகை குறைவாகப் போய்ச் சேரும்.

உண்டியல் முறையில், அதாவது வங்கி வழியாக அன்றித் தனிநபர் இடைத்தரகர்கள் மூலம், அனுப்பினால் மலிவு என்று யாராவது சொல்லக்கூடும். பல நாடுகளில் அது சட்டவிரோதம். பணம் போய்ச் சேராவிட்டால் முறையிட இடமும் இருக்காது. இதைவிட ஆபத்தானது, "உங்கள் கணக்கில் ஒரு தொகை வரும், உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்" என்ற வேண்டுகோள். எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் திருட்டுப் பணமாக இருக்கும். வழக்கு கணக்கு வைத்திருப்பவர் மீதுதான் வரும், விசாவும் அதோடு போகும்.

நெருக்கடிக்கென்று குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையிருப்பாகச் சேர்க்கும் வரை வேறு எந்த முதலீட்டையும் தொடங்க வேண்டாம். அதை நீங்கள் செல்லும் நாட்டு வங்கியிலேயே வைத்திருப்பது நல்லது; வாடகையும் மருத்துவச் செலவும் அங்கேதானே வரும்.

மறுமொழி 2: மருந்தாளுநர்

வணக்கம் அம்மா. பணத்தைப் பற்றிக் கணக்காளர் ஐயா விளக்கமாக எழுதிவிட்டார். நான் உங்கள் கணவரின் இன்சுலினைப் பற்றி எழுதுகிறேன். இதில் சிறு கவனக்குறைவும் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இன்சுலின் எல்லா நாடுகளிலும் ஒரே செறிவில் விற்கப்படுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டதுதான் வழக்கம். சில நாடுகளில் 40 அலகு கொண்ட குப்பிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் வேறு. 40 அலகு குப்பிக்கான ஊசிக்குழலில் 100 அலகு இன்சுலினைப் பழைய கோடு வரை இழுத்தால், உடலுக்குள் செல்வது இரண்டரை மடங்கு. இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து நினைவிழக்கவும் உயிரிழக்கவும் அது போதும். எனவே உங்கள் கணவர் குப்பியும் ஊசிக்குழலும் பயன்படுத்துபவராக இருந்தால், இப்போது பயன்படுத்துவது எந்தச் செறிவு என்பதை அவரும் நீங்களும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே வாங்கும் முதல் குப்பியையும் அதற்குரிய ஊசிக்குழலையும் ஒரே இடத்தில், மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்டு வாங்குங்கள். பேனா வகை பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. பயணத்துக்கு முன் அதற்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

பரிசோதனைக் கருவியின் அலகும் மாறலாம். சில நாடுகளில் இரத்தச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்றும், வேறு சில நாடுகளில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்றும் குறிப்பார்கள். முதல் எண்ணைப் 18ஆல் வகுத்தால் இரண்டாவது எண் கிடைக்கும்: 126 என்பது 7 ஆகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையிலும் இதே வேறுபாடு உண்டு. 7 விழுக்காடு என்று இங்கே சொல்வது வேறு இடத்தில் 53 என்று வரும். திடீரென்று 53 என்று அறிக்கையில் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் இன்சுலின் கெட்டுவிடும், பெட்டி தொலைந்தால் அதுவும் தொலையும். மருத்துவர் எழுதித்தரும் கடிதத்தில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. உலக நலவாழ்வு அமைப்பு 1953 முதல் வெளியிட்டுவரும் பொதுப் பெயர்ப் பட்டியலில் உள்ள பெயரும் அளவும் இருக்க வேண்டும். வணிகப் பெயர்கள் எல்லை தாண்டினால் மாறிவிடும். பொதுப் பெயரிலும் ஒருசில விலக்குகள் உள்ளன: பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்பார்கள், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலை ஆல்பியூட்டரால் என்பார்கள். இது தெரியாமல் இரண்டும் வேறு மருந்து என்று எண்ணிச் சேர்த்து விழுங்குபவர்கள் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளில் பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படும்.

வீட்டில் இருக்கும் மற்ற மாத்திரைகளை அப்படியே பெட்டியில் போட்டுக்கொள்ள வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் என்ற வலிநிவாரணி, தூக்க மாத்திரை போன்றவை சாதாரணமாகத் தோன்றினாலும், முன் அனுமதியின்றி அவற்றைக் கொண்டுவருவது குற்றமாகும் நாடுகள் உண்டு. ஜப்பானில் 10 விழுக்காட்டுக்கு மேல் சூடோஎஃபெட்ரின் உள்ள சளி மாத்திரைக்கே தடை இருக்கிறது. நீங்கள் செல்லும் நாட்டின் நலவாழ்வுத் துறை இணையதளத்தில் ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே எடுத்துச் செல்லுங்கள்.

அந்த ஒரு வரிக் காப்பீட்டைப் பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: கணவரும் மகளும் அதில் அடங்குவார்களா, முன்பே உள்ள நோய்க்கு உடனே பயன் கிடைக்குமா அல்லது காத்திருப்புக் காலம் உண்டா, புறநோயாளிச் செலவும் இன்சுலினும் சேருமா, ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு, வேறு நாட்டுக்கு மருத்துவ விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால் யார் செலவு, வேலை முடிந்த நாளிலேயே காப்பீடும் முடிந்துவிடுமா. கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால், உங்கள் கணவருக்காவது தனியாக ஒரு காப்பீடு எடுப்பது பற்றி இப்போதே விசாரியுங்கள். இடைவெளி விழுந்த பிறகு விண்ணப்பித்தால் நீரிழிவு நோயைக் காரணம் காட்டி மறுக்கலாம். சுற்றுலாப் பயணக் காப்பீடு இதற்கு மாற்று ஆகாது; அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது, நாள்பட்ட நோயைப் பராமரிப்பதற்கு உரியதன்று.

புதுப்பயணி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்சுலின் செறிவைப் பற்றி எங்கள் மருத்துவர்கூடச் சொல்லவில்லை. இன்றே கணவரின் குப்பியை எடுத்துப் பார்த்தோம். இன்னொரு ஐயம். சென்று சேர்ந்ததும் எங்கள் கடவுச்சீட்டுகளை "பத்திரமாக வைத்திருக்க" நிறுவனம் வாங்கிக்கொள்ளும் என்று வேலைக்கு ஏற்பாடு செய்த முகவர் சொல்கிறார். இது வழக்கம்தானா?

மறுமொழி 3: தொழிலாளர் நலப் பணியாளர்

வழக்கமாக இருக்கலாம், ஆனால் ஏற்கத்தக்கதன்று. அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்துக்கொள்வதைக் கட்டாய உழைப்பின் பதினொரு அறிகுறிகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு குறிப்பிடுகிறது. நிறுவனங்கள் பரவலாக இப்படிச் செய்யும் நாடுகள் சிலவற்றில்கூட சட்டம் அதைத் தடைசெய்கிறது. விசாவைப் பதிவு செய்வதற்காகச் சில நாள்களுக்கு மட்டும் கேட்டால், எதற்காக, எப்போது திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கையொப்பமிட்ட சீட்டை வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு மேல் வைத்திருப்பதற்கு இப்போதே, கையொப்பமிடும் முன்பே, மறுப்புத் தெரிவித்துவிடுங்கள். கடவுச்சீட்டு கையில் இல்லாத பெண்ணால் வேலையையும் விட முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. எங்களிடம் வரும் முறையீடுகளில் மிகவும் மனம் நோகச் செய்பவை இவைதாம்.

ஒப்பந்தத்தை நீங்கள் படிக்கத் தெரிந்த மொழியில் கேட்டு வாங்குங்கள். அங்கே போன பிறகு வேறு சம்பளம் எழுதிய இன்னொரு தாளை நீட்டினால், அன்றே கையொப்பமிட வேண்டிய கட்டாயம் இல்லை. முதல் ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களை ஊரிலிருக்கும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

உங்கள் நாட்டுத் தூதரகத்தில் மூவரின் பெயரையும் பதிவு செய்யுங்கள். தூதரகத்தால் என்ன முடியும் என்பதைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. கைது செய்யப்பட்டவர் கேட்டுக்கொண்டால், அந்தச் செய்தியைக் காலந்தாழ்த்தாமல் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே வாய்விட்டுக் கேட்க வேண்டும். தொலைந்த கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் தருவதும், வழக்கறிஞர் பட்டியலைத் தருவதும், குடும்பத்துக்குச் செய்தி சொல்வதும் அவர்களால் இயலும். மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்துவதோ நீதிமன்றத்தில் தலையிடுவதோ அவர்களுடைய அதிகாரத்துக்குள் வராது.

தூதரகம், குடியேற்றத் துறை, காவல்துறை ஆகியவற்றின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் தொலைபேசி அழைப்புகள் புதிதாகக் குடியேறியவர்களையே குறிவைக்கின்றன. "விசாவில் பிழை இருக்கிறது, இப்போதே அனுப்பாவிட்டால் கைது" என்பார்கள். திரையில் தெரியும் எண்கூட உண்மையான அலுவலகத்தின் எண்ணாகவே இருக்கலாம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். மகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். வீட்டு முகவரியையும் அந்நாட்டின் அவசர உதவி எண்ணையும் அந்நாட்டு மொழியில் சொல்ல அவளுக்குப் பழக்குங்கள். கணவர் மயங்கிக் கிடக்கும்போது வீட்டில் அவள் மட்டும் இருக்க நேரலாம்.

மறுமொழி 4: நெடுநாள்வாசி

கணக்காளர் சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நெருக்கடிப் பணம் முழுவதையும் செல்லும் நாட்டு வங்கியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை முடிந்த செய்தி கிடைத்ததும், கடனோ கடன் அட்டை நிலுவையோ உள்ள வெளிநாட்டவரின் கணக்கை வங்கி முடக்கிவைக்கும் நாடுகள் உண்டு. பணம் மிகவும் தேவைப்படும் அந்த நாளில்தான் அது கையை விட்டுப் போகும். என்னைக் கேட்டால், இரண்டு மாத வாடகைக்கும் மருந்துக்கும் ஆகும் தொகையை அங்கே வைத்து, மூவரும் ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தையும் மீதியையும் தாய்நாட்டுக் கணக்கில் வைப்பேன். கணவர் பெயரிலும் ஒரு கணக்கும் அட்டையும் இருக்கட்டும். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால், கூட்டுக் கணக்கைக்கூட வாரிசு நடைமுறை முடியும் வரை முடக்கும் சட்டம் சில நாடுகளில் உள்ளது.

கணக்காளர்

நியாயமான திருத்தம், ஏற்கிறேன். கடன் எதுவும் வாங்காதவருக்கு அந்த ஆபத்து குறைவு என்றாலும், பிரித்து வைப்பதே மேல். சகோதரி, வேலை முடிந்த பின் எத்தனை நாள் அந்த நாட்டில் தங்க அனுமதி உண்டு என்பதையும் நிறுவனத்திடம் கேட்கும் கேள்விகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்பது அந்தக் கால அளவைப் பொறுத்தது.

புதுப்பயணி

காப்பீடு, கடவுச்சீட்டு, வேலை முடிந்தபின் தங்கும் காலம் மூன்றையும் பற்றி நிறுவனத்துக்கு இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கடவுச்சீட்டு பற்றி எழுத்தில் பதில் வரும் வரை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.