எறும்பின் பிடரியில் குச்சி: தோப்பு எருக்குழிக்கு உதவுமா?

களக்காட்டுக்காரன்:
களக்காடு புலிகள் காப்பகத்தில், தலையணை என்கிற தடுப்பணைக்கு மேலே ஈரமான பாதையோரம், இலை நரம்பைக் கவ்வியபடி ஒரு கட்டெறும்பு செத்துக் கிடந்தது. பிடரியில் தீக்குச்சி போல ஏதோ முளைத்திருந்தது. வீட்டுத் தென்னந்தோப்பிலோ வெள்ளை மாவு அப்பிய காண்டாமிருக வண்டு ஒன்று கிடைத்தது. இந்தப் பூஞ்சைகளை எருக்குழியில் விட்டால் அங்கே வளரும் வண்டுப் புழு சாகுமா அண்ணாச்சி?

பொதிகைக் காளான்:
எறும்பில் இருப்பது ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை. எறும்பை விட்டு வண்டுக்குத் தாவாது, தோப்புக்குப் பயனில்லை. எறும்பை மேலிருந்து இறக்கி, ஈரம் தங்கும் உயரத்தில் கடிக்க வைத்துத்தான் கொல்லும். தாய்லாந்துக் காட்டில் அளந்தபோது தரையிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. பிறகு தண்டு முளைத்து, கீழே நடமாடும் எறும்புகள் மேல் வித்து உதிரும். ஓரினம் பெருகி நெருக்கியடித்தால் இந்த மாதிரி நோய் வேகமாகத் தொற்றும். கூட்டம் கலைந்தால் தானே அடங்கும். காட்டில் ஒரே பூச்சி கொழுத்துவிடாமல் இருப்பதில் இதற்கும் பங்குண்டு. பூச்சியைக் கொல்லும் இன்னொரு பூஞ்சையான மெட்டாரைசியம் இன்னும் ஒருபடி மேல்: கொன்ற புழுவின் தழைச்சத்தைச் செடி வேருக்கே கொடுக்கிறது என்று 2012-ல் பீன்ஸ் செடியில் காட்டினார்கள்.

புலிகள் காப்பகத்திலிருந்து எறும்பைக்கூட எடுத்து வராதீர்கள். வழக்காகிவிடும்.

ஈரத்தாள்:
தோப்பு வண்டில் இருப்பது கொன்ற பூஞ்சையா, செத்தபின் ஏறிய பூசணமா என்று முதலில் பாருங்கள். புதிதாகச் செத்த வண்டை 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலசி, ஈரத்தாள் விரித்த மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் மூட்டு இடுக்குகளிலிருந்து வெள்ளை கிளம்பி, வெள்ளையாகவே நின்றால் பெரும்பாலும் பிவேரியா, அதுவும் பூச்சியைக் கொல்லும் பூஞ்சைதான். வெள்ளை கரும்பச்சையானால் மெட்டாரைசியம். கறுப்புப் பொடி என்றால் வெறும் பூசணம், தூரப் போடுங்கள். உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும்.

எருக்குழி:
வீட்டில் வளர்த்துப் பெருக்க வேண்டாம், கண்ட பூசணமும் சேரும். மெட்டாரைசியம் திரவ வளர்ப்பு 250 மி.லி.யை 750 மி.லி. தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிப்பதுதான் வழக்கமான பரிந்துரை. மேலாகத் தெளித்தால் வீண். புழு உள்ளே கிடக்கும், கிளறிக் கிளறி ஊற்றணும். சாயங்காலம் செய்யுங்கள், வெயில் வித்தைக் கொன்றுவிடும். குழி காய்ந்தால் முளைக்காது. சித்திரை வெயிலில் செய்துவிட்டு மருந்து சரியில்லை என்பார்கள்! ஐப்பசி மழை தொடங்கியதும் செய்யலாம். அதே குழியில் மேங்கோசெப், கார்பன்டசிம் மாதிரி மருந்துகள் படக்கூடாது, அவை பூஞ்சையையே கொல்பவை.

களக்காட்டுக்காரன்:
பலித்ததா என்று எப்படித் தெரியும்?

எருக்குழி:
இரண்டு வாரம் கழித்துக் கிளறுங்கள். அழுகாமல் விறைத்து, பச்சை படிந்த புழு இருந்தால் பிடித்துவிட்டது. அதை எடுக்காதீர்கள், அதிலிருந்துதான் மற்றதுக்குத் தொற்றும். தென்னங்குருத்துக்குள் இருக்கும் வண்டை மட்டும் கம்பியால் குத்தித்தான் எடுக்கணும்.