17 நாள் பட்டினி கிடந்த காப்பர்பேண்ட்

சூரமங்கலத்திலிருந்து:

வணக்கம் நண்பர்களே. காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை என்கிற கடல் மீனை வீட்டுத் தொட்டிக்கு வாங்கலாமா என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் 4 அடி மரைன் டேங்க் (கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) செட்டாகி அப்போது 8 மாதம். ஒரு ஜோடி க்ளௌன் மீன், 3 டாம்செல் மீன். கையைக் கண்டாலே மேலே ஓடி வரும். சென்னைக்குப் போன இடத்தில் ஒரு கடையில் காப்பர்பேண்டைப் பார்த்தேன். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டை, முதுகுத் துடுப்பில் கண் மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, ஊசி போல நீண்ட வாய். விலை 4,500 ரூபாய். "தீனி எடுக்குதா?" என்று கேட்டேன். "எல்லாம் எடுக்கும் சார்" என்றார்கள். போட்டுக் காட்டச் சொல்லாமலே காசைக் கொடுத்துவிட்டேன். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்தபடி ராத்திரி பஸ்ஸில் சேலம் வந்து சேர்ந்தேன்.

2 நாள் லைவ் ராக்குக்கு (சிறு உயிர்கள் ஒட்டி வாழும் கடல் கல்) பின்னாலேயே இருந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்ததும் மைசிஸ் என்கிற இறால் மாதிரி குட்டித் தீனியைப் போட்டேன். கிட்ட வந்து ஒரு கண்ணால் பார்த்தது, திரும்பி மறு கண்ணால் பார்த்தது, ஒன்றை உறிஞ்சி உடனே துப்பிவிட்டது. அதற்குள் மிச்சத்தை டாம்செல்கள் காலி செய்துவிட்டன. பூண்டுச் சாற்றில் ஊறவைத்துப் போட்டேன், இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டேன், ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பூச்சியை உயிரோடு வரவழைத்தும் போட்டேன். நாள் முழுக்கக் கல் இடுக்கைக் குத்திக்கொண்டே இருந்ததே தவிர, நான் போட்ட எதையும் தொடவில்லை. பத்தாம் நாள் வயிறு ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை குழிவிழுந்துவிட்டது. 17ஆம் நாள் காலையில் தண்ணீரை அலைபோல ஓடவைக்கும் வேவ்மேக்கர் ஓரமாகச் செத்து ஒட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய என் மகள்தான் முதலில் பார்த்தாள். பணம் போனது ஒரு பக்கம். கண் முன்னால் ஓர் உயிர் பட்டினியில் கரைவதை வேடிக்கை பார்த்தது போல் ஆகிவிட்டதே, அது இன்னும் மனசை அறுக்கிறது.

பிறகுதான் அதன் இயல்பைப் படித்தேன். கடலில் அது பாறை இடுக்கில் இருக்கும் புழுக்களை நாளெல்லாம் கொத்தித் தின்கிற மீன். தண்ணீரில் மிதந்து வரும் பெல்லட்டை (கடையில் விற்கும் குருணைத் தீனி) தீனி என்றே அதற்குத் தெரியாது. பிடிக்கும் விதமும் ஒரு காரணம். பவளப்பாறை மீன்களை சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிற கொடுமை 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. அப்படிப் பிடிபட்ட மீனுக்கு உள்ளுறுப்பு கெட்டிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்து வேறு கடையில் இன்னொன்று பார்த்தேன். 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து, "10 நாள் உங்களிடமே இருக்கட்டும், தீனி எடுப்பதை நேரில் பார்த்துவிட்டு மீதியைத் தருகிறேன்" என்றேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. பத்தாம் நாள் போனபோது என் கண்ணெதிரே மைசிஸ் தின்றது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி அடம்! இந்தத் தடவை டாம்செல் தொல்லை இல்லாத தனி டேங்கில் விட்டிருந்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து மச்சான் ஐஸில் வைத்து மட்டி கொண்டுவந்தார். ஒன்றைப் பிளந்து ஓட்டோடு கல்மேல் வைத்தேன். 20 நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்புறம் ஒரு கொத்து. பிறகு ஓடு வெளுக்கும்வரை விடவில்லை! இப்போது 14 மாதம் ஆகிறது, மைசிஸும் தின்கிறது.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, படிக்கப் படிக்க என் மாண்டரின் மீன் ஞாபகம் வந்துவிட்டது. இங்கே குளிருக்கு, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேண்டாம், ஹீட்டர் போதும், அதனால் மரைன் சுலபம் என்று நினைத்து 2 அடி டேங்கில் விட்டேன். மாண்டரினுக்குக் கல்லில் ஊரும் கோப்பிபாட் என்கிற பொடிப் பூச்சிதான் உணவு. என் டேங்கில் இருந்தது சில வாரத்திலேயே தீர்ந்துபோனது. அது கல்லைக் கொத்துவதைப் பார்த்து, வயிறு நிறையத் தின்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தபோதுதான் உடம்பு குச்சியாகிவிட்டது தெரிந்தது. பெரிய, நாள்பட ஓடிப் பழகிய டேங்க் இல்லாமல் யாரும் அதை வாங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து:

கீழே சேலத்தில் எங்களுக்கு வெயிலே பெரிய பிரச்சினை. போன மே மாதம் சில்லர் பழுதாகி தண்ணீர் 31 டிகிரிக்குப் போனது. நன்றாகத் தின்றுகொண்டிருந்த மீன்கூட வாயை மூடிக்கொண்டது. தீனி எடுக்காவிட்டால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அண்ணா, மட்டியை உயிரோடா வைத்தீர்கள்?

சூரமங்கலத்திலிருந்து:

இல்லை தம்பி. ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்து, காலையில் கழுவி, கத்தியால் பிளந்தேன். 2 மணி நேரத்தில் மட்டி ஓட்டை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மிச்சம் அழுகி, தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும். அடுத்த வாரம் மச்சான் வருகிறார். வேண்டுமென்றால் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒரு கிலோ சேர்த்து எடுத்துவரச் சொல்கிறேன்.