கொன்செப்ட் அல்பத்துக்குத் 'தொடர்நிலை'

வணக்கம்.

கல்லடித் தம்பியின் மடலுக்குப் பதில் எழுதுகிறேன். தொழில்நுட்பத்தையும் அந்நியமாதலையும் வைத்து ஒரு இரைச்சல் ரொக் குழு செய்த கொன்செப்ட் அல்பத்துக்கு (பாட்டுகள் எல்லாம் ஒரே படைப்பாக இணையும் அல்பம்) அவர் விமர்சனம் எழுதப்போகிறார், சொற்கள் கேட்கிறார். 'அந்நியமாதல்' நம் விமர்சன எழுத்தில் எப்போதோ வேரூன்றிவிட்டது. 'இரைச்சல் ரொக்' கேட்டவுடன் விளங்குகிறது, அதுவும் இருக்கட்டும். சிக்கல் 'கொன்செப்ட் அல்பம்'தான்.

'கருத்துரு இசைத்தொகுப்பு' என்று அக்கா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எந்த அல்பத்தில்தான் கருத்து இல்லை? அடுத்து வந்த 'ஒருபொருள் தொகுப்பு' கிட்ட வருகிறது. ஆனால் ஒரே பொருளைப் பாடும் பாட்டுகளைச் சேர்த்துவிட்டால் மட்டும் அது கொன்செப்ட் அல்பம் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைத் தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூல் முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

அது செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்று நான்காக வகுக்கிறது. முத்தகம் தனித்து நிற்கும் ஒரு பாட்டு. குளகம் நமக்கு இங்கே வேண்டாம். தொகைநிலை பல பாட்டுகளை ஏதோ ஒரு காரணத்தால் சேர்ப்பது: பொருளால் சேர்ந்தது புறநானூறு, காலத்தால் சேர்ந்தது கார் நாற்பது. புறநானூற்றின் வரிசையைக் கலைத்தாலும் ஒவ்வொரு பாட்டும் தன் பொருளோடு நிற்கும். தொடர்நிலை அப்படியில்லை, அதில் வரிசை கலைந்தால் பொருளும் கலையும். எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி வழக்குரை படிப்பதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொலை முந்தி, வழக்கு பிந்தி, அதற்கும் பிறகுதான் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல். இந்த வரிசையை யாரும் மாற்றமாட்டார்கள்.

அல்பத்தின் வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஓடும். அப்படிப்பட்ட தட்டுகள் பலவற்றை உறைகளில் இட்டுப் புத்தகம் போலக் கட்டியதைத்தான் முதலில் அல்பம் என்றார்கள், அதாவது சுத்தமான தொகை. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்த பிறகு, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் கிடைத்தது. பாட்டுகளை வரிசையால் பிணைத்து ஒன்றாகக் கேட்கவைப்பது அதனால் எளிதாயிற்று.

தொடர்நிலைக்குள்ளும் பொருள் தொடர்நிலை, சொல் தொடர்நிலை என்று இரண்டு உண்டு: முன்னது கதையால் தொடர்வது, பின்னது சொல்லால் தொடர்வது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிங்க் ஃபுளொய்ட் 1979இல் வெளியிட்ட 'த வோல்' ஒரு பாடகன் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ளும் கதையைச் சொல்வதால் பொருள் தொடர்நிலை. அதன் முடிவில் ஒரு வாக்கியம் பாதியில் அறுகிறது, மீதிப் பாதி அல்பத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்தாதி படித்த நமக்கு இது மண்டலித்தல், அதாவது முடிவு தொடக்கத்தோடு சேர்ந்து வட்டமாவது. எனவே அது சொல் தொடர்நிலையும்கூட.

ரேடியோஹெட் 1997இல் வெளியிட்ட 'ஓகே கொம்பியூட்டர்' இன்னொரு வகை. தொழில்நுட்பமும் தனிமையும் அதில் நிறைந்திருக்கின்றன, ஒரு பாட்டில் கணினியின் செயற்கைக் குரலே பேசுகிறது. ஆனால் தொடர்ந்து செல்லும் கதை இல்லை. அதைப் பொருளால் சேர்ந்த தொகை என்பேன். மறுப்பவர்கள் இருப்பார்கள், ஆனால் அந்த வாதத்தையே தமிழில் நடத்த இந்தச் சொற்கள் இடம் கொடுக்கின்றன.

தம்பியின் கட்டுரைக்கு வருவோம். இரைச்சல் ரொக்கில் கதை சொல்லும் வரிகள் பெரும்பாலும் சத்தத்துக்குள் அமிழ்ந்துவிடும். கிற்றார் ஒலி விரியலாக்கி (அம்பிளிஃபயர்) வழியாக ஸ்பீக்கரில் வெளிவந்து, மறுபடி அதே கம்பிகளை அதிரவைத்து, திரும்பவும் விரியலாக்கிக்குள் போகிறது. கை எடுத்த பிறகும் கருவி கூவிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்தும் அந்தக் கூவல் அடங்காமல் அடுத்த பாட்டுக்குள் நுழைந்தால், இரண்டையும் பிணைப்பது ஒலி. நான் இதை 'ஒலித் தொடர்நிலை' என்பேன். மனிதன் விலகிய பின்னும் கருவி தன் குரலையே கேட்டுக் கூவுகிறது, அந்நியமாதலைப் பற்றிய அல்பத்தில் இந்தப் பிணைப்புக்குத் தனிப் பெயர் வேண்டும்.

'தொடர்' என்றால் இன்று தொலைக்காட்சித் தொடர்தானே நினைவுக்கு வருகிறது என்று கேட்கலாம். அதனால்தான் 'நிலை'யை விடக்கூடாது என்கிறேன். பழஞ்சொல் என்ற தயக்கமும் வேண்டாம். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். அவர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சிலப்பதிகாரத்து இசைச்சொற்களை எடுத்துக் கணக்குப் போட்டு வேலை வாங்கினார்.

என் முன்மொழிவு: எழுத்தில் 'இசைத்தொடர்நிலை', பேச்சில் 'தொடர்நிலை அல்பம்'. சாதாரண அல்பத்துக்கு 'இசைத்தொகை' போதும். தம்பி, உங்கள் கட்டுரையின் முதற்பந்தியை இந்தச் சொற்களோடு எழுதி இங்கே அனுப்புங்கள். எந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று பார்த்துத் திருத்துவோம்.