ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் புள்ளைகளோட வெளியில சாப்பிட எந்த ஹோட்டல் போகலாம்?

திருப்பூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம். மே மாசம் லீவுக்கு வர்றோம். மகளுக்கு ஏழு வயசு, மகனுக்கு மூணு. கூட நாத்தனார், அவங்க கையில பத்து மாசக் குழந்தை. மாமியார் சைவம் மட்டும்தான். ராத்திரி சாப்பாடு வீட்ல பார்த்துக்குவோம். ஆனா ஒரு நாள் ராமேஸ்வரம் கோயில், ஒரு நாள் அரியமான் பீச், ஒரு நாள் கீழக்கரைல அவரோட கூட்டாளி வீட்டுக் கல்யாணம் விசாரிக்கப் போகணும். மூணு நாளும் மதியம் வெளியிலதான்.

போன தடவை கோயில் பக்கத்துல ஒரு ஹோட்டல்ல ஒன்றரை மணிக்கு நின்னு நின்னு இடம் பிடிச்சோம். உட்கார்ந்ததும் சின்னவன் தண்ணி டம்ளரைத் தட்டி விட்டுட்டான். துடைக்க வந்தவர் பார்த்த பார்வையில எனக்குச் சோறே இறங்கல. சாயங்காலம் வேற கடையில மகளுக்கு வாங்கின மீன் வறுவல் ஒரே காரம், ஒரு வாய் வச்சுட்டு அழுகை. ரெண்டும் பிஸ்கட்டைத் தின்னுட்டுத் தூங்கிருச்சுக.

புள்ளைகளைப் பார்த்து முகம் சுளிக்காத, காரம் இல்லாம ஏதாவது கிடைக்கிற ஹோட்டல் பேர் சொன்னா புண்ணியமா போகும்.

மண்டபம் கேம்ப்:

ராமேஸ்வரத்துல கடல் பக்கமா சுற்றுலாத் துறையோட ஹோட்டல் தமிழ்நாடு இருக்கு. சுத்தி இடம் தாராளம், புள்ளைகளை விட்டுப் பிடிக்கலாம். மத்தபடி ஏசி ரூம் இருக்கிற கடையா பார்த்துப் போங்க.

சப்ளையர் சேது:

தங்கச்சி, தண்ணியைக் கொட்டினதுக்காக எந்த சப்ளையரும் முறைக்கிறதில்ல. ஒன்றரை மணிக்குக் கொட்டினதுதான் விஷயம். அதையே பதினொன்னே முக்காலுக்குக் கொட்டியிருந்தா "பரவால்லம்மா, புள்ளைதானே"ன்னு சிரிச்சுட்டுத் துடைச்சிருப்பார்.

நான் ராமேஸ்வரத்துலயும் ராம்நாடு பஸ் ஸ்டாண்டு பக்கமும் ரொம்ப காலம் டேபிள் பார்த்தவன். இப்ப சின்னதா சொந்த மெஸ். எங்கன்னு சொல்ல மாட்டேன், விளம்பரம்னு பேசுவாங்க. நீங்க கடை பேர் கேக்குறீங்க. இன்னிக்கு ஒரு பேர் சொன்னா அடுத்த லீவுக்கு அது பொய்யாயிரும். மாஸ்டர் மாறினா கடை மாறிரும், இங்கிட்டு மாஸ்டருகளுக்கு எப்பவும் ஒரு கால் வளைகுடாவுல. அதனால பேருக்குப் பதிலா நேரம் சொல்றேன், அது மாறாது.

ராமேஸ்வரம் கோயில் நடை மதியம் ஒரு மணிக்குச் சாத்துவாங்க, மறுபடி மூணு மணிக்குத்தான் திறப்பாங்க. உள்ள இருக்கிற அத்தனை கூட்டமும் ஒரே சமயத்துல வெளிய வந்து நாலு தெரு ஹோட்டல்லயும் விழும். ஒரு மணியில இருந்து ரெண்டரை வரை நாங்க மனுசங்களே இல்ல. அப்ப புள்ளைகளோட வந்தா கடைக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

இன்னொரு கண்டம் காலையில இருக்கு. வெள்ளன வந்து 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோட சாமி பார்த்துட்டு வெளிய வந்தா பத்தரை, பதினொன்னு ஆகும். புள்ளைக பசியில கத்தும். ஆனா அந்நேரம் பெரும்பாலான கடையில டிபன் முடிஞ்சு கல்லைக் கழுவிருப்பாங்க, சாப்பாடு இன்னும் வந்திருக்காது. காபியும் வடையும்தான் கிடைக்கும். அதனால கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே இட்லி பார்சல் வாங்கி வண்டியில வச்சுருங்க. சட்னி வேண்டாம், வெயில்ல கெட்டுரும். பொடி, நல்லெண்ணெய் போதும்.

அப்புறம் பதினொன்னே முக்காலுக்கு முதல் ஆளா போய் உட்காருங்க. முதல் அண்டா சாம்பார், தண்ணி விளாவாதது. மாஸ்டரும் அப்பத்தான் குளிச்சுட்டு நல்ல மனசுல நிப்பார். கேட்டது நடக்கும்.

உட்கார்ற இடம் முக்கியம். சமையக்கட்டு வாசலுக்கு நேரா உட்காராதீங்க. கொதிக்கிற சாம்பார் வாளியோட நாங்க வேகமா வர்ற பாதை அது, மூணு வயசுப் பையன் காலுக்குள்ள ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கை கழுவுற இடமும் வேண்டாம், எப்பவும் ஈரம், வழுக்கும். சுவரோரம் கேளுங்க, புள்ளையை உள்பக்கம் தள்ளி உட்கார வைங்க. குழந்தைகளுக்கான உயர நாற்காலி இங்க ரொம்பக் கம்மி கடையிலதான் இருக்கும். அதை நம்பி வராதீங்க. ஏசி ரூமுன்னு அந்தத் தம்பி சொன்னார். ஏசி ரூம்ல கதவைச் சாத்திட்டு ஆளுக்காகக் கையைக் கையை ஆட்டிட்டு உட்கார்ந்திருக்கணும். புள்ளைக்கு அவசரமா ஒரு கரண்டி தயிர் வேணும்னா வெளி ஹால்தான் வேகம்.

உட்கார்ந்த கையோட புள்ளைக்கு இட்லியோ தயிர் சாதமோ மட்டும் முதல்ல சொல்லிருங்க. பெரியவங்க யோசிச்சு மெதுவா சொல்லலாம். முழுச் சாப்பாடு போடுற கடைன்னா புள்ளைக்குத் தனி இலை வேணுமா, பங்கு வச்சுக்கலாமான்னு இலை போடுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. பில்லு வந்த பிறகு அதுக்குத்தான் சண்டை வரும்.

அடுத்து உங்க மகளோட காரம். எங்க ஊர் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுருச்சு, அதனால யாரும் அதைக் குறைச்சுப் போட மாட்டோம்! விளையாட்டை விடுங்க. மீன் வறுவலுக்குக் காலையிலயே மசாலா தடவி அடுக்கி வச்சுருவோம். "காரம் கம்மியா"ன்னு நீங்க சொன்னா நாங்க தலையாட்டுவோம், ஆனா தடவின மசாலாவை எப்படிக் குறைக்கிறது? "மசாலா தடவாத துண்டு இருக்கா, மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வறுத்துத் தர முடியுமா"ன்னு கேளுங்க. பன்னிரண்டுக்கு முன்னாடின்னா மாஸ்டர் செய்வார். ஒன்றரைக்குக் கேட்டா நான் உள்ள போயே சொல்ல மாட்டேன்.

இன்னொன்னு, நீங்க வர்றது மே மாசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இந்தக் கரையில விசைப்படகுக்குத் தடை. அப்ப தட்டுல வர்ற பெரிய வஞ்சிரம் ஐஸ்ல இருந்ததா இருக்கும், இல்லாட்டி மேற்குக் கரையில இருந்து லாரியில வந்ததா இருக்கும். அங்க தடை ஜூன்லதான் தொடங்கும். கெட்ட மீன்னு சொல்லல, ராமேஸ்வரத்து மீன்னு நம்பி அந்த விலை கொடுக்காதீங்க. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அதுல வர்ற கணவாய், நண்டு, பாறை மீன் குஞ்சு கேளுங்க. கணவாய்ல முள்ளே இல்ல, புள்ளைக்கு நல்லது. நண்டு கொடுத்தா ஏழு வயசுக்காரி அரை மணி நேரம் சத்தமில்லாம அதோட மல்லுக்கட்டிட்டு இருப்பா, நீங்க நிம்மதியா சாப்பிடலாம். ஆனா நண்டு, இறால் இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்லேன்னா பயணத்துல ஆரம்பிக்காதீங்க. ஒத்துக்கலேன்னா அலையணும்.

கீழக்கரை லாத்தா:

சேது காக்கா சொன்னது நூத்துக்கு நூறு.

ஏம்மா, கல்யாணம் விசாரிக்க கீழக்கரைக்கு வந்துட்டு ஹோட்டல் தேடுறீங்களா? அந்த வீட்டுக்காரங்க காதுல விழுந்தா வருத்தப்படுவாங்க. சஹன்ல, அதான் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற பெரிய தட்டுல, உட்கார வச்சுட்டுத்தான் மறுபேச்சு. கீழ பாய் விரிச்சு ஒரே தட்டைச் சுத்தி உட்கார்றதால புள்ளை கொட்டினாலும் பாயிலதான் கொட்டும், விழ நாற்காலியும் இல்ல. மாமியார் சைவம்னு மட்டும் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிருங்க. தனிப் பாத்திரத்துல பருப்பும் கத்திரிக்காயும் வச்சுருவாங்க. அங்க போய் உட்கார்ந்த பிறகு சொன்னா, அந்த வீட்டு உம்மாதான் பாவம், பதறிப் போயிருவாங்க.

புள்ளைகளுக்கு வாய்க்கு இதமா வேணும்னா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சீனியும். என் பேரன் ஆணம், அதான் குழம்பு, பக்கமே திரும்ப மாட்டான், இதுலதான் வளர்றான். வட்டலப்பம் வச்சாங்கன்னா பார்க்க மெத்துனு இருக்கும், மாமியாருக்கு ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது முட்டையில செய்யிறது. தொதல் அப்படி இல்ல, அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. அவங்களுக்கு அதைக் கொடுங்க. சின்னவனுக்குக் கிள்ளிக் கிள்ளிக் கொடுங்க, பல்லுல ஒட்டிக்கும். கைக்குழந்தைக்கு வேணாம்.

உச்சிப்புளி ஆட்டோ:

அரியமானுக்கு ஹோட்டலே வேணாம்கிறேன். சவுக்குத் தோப்பு நிழல், அலை கம்மி, புள்ளைக தண்ணியை விட்டு ஏறவே ஏறாது. நீங்க மதியச் சாப்பாட்டுக்கு உச்சிப்புளியோ ராம்நாடோ திரும்பணும்னா அதுகளை இழுத்துட்டு வர்றதுக்குள்ள ரெண்டு மணி ஆயிரும். கரையில கடை இருக்கு, ஆனா லீவு நாள் இல்லாட்டி என்ன திறந்திருக்கும்னு சொல்ல முடியாது. மாமியாரைப் புளியோதரை கட்டச் சொல்லுங்க. சேது அண்ணன் எல்லாத்துக்கும் ஹோட்டல் வழிதான் சொல்லுவார், அவர் தொழில் அது.

குடிதண்ணி மட்டும் வீட்ல இருந்து கேன்ல கொண்டு வாங்க. இந்தக் கரையில பல இடத்துல நிலத்தடித் தண்ணி உப்பு. புள்ளைக ஒரு வாய் குடிச்சுட்டுத் துப்பிரும், அப்புறம் பாட்டில் கூல்டிரிங்க்ஸ்தான் கேக்கும்.

ஒரு நாள் மிச்சம் இருந்தா தொண்டி ரோட்டுல காரங்காடு போங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறை படகு இருக்கு. முன்னாடியே சொல்லி வச்சா ஊர்ப் பொம்பளைகளே மீன் சமைச்சுத் தர்றாங்க. வீட்டுச் சமையல்ங்கிறதால காரத்தைப் பத்தி நேராவே பேசிக்கலாம்.

திருப்பூர் மருமகள்:

சேது அண்ணே, நேரத்தைப் பத்தி இதுவரை யாருமே சொன்னதில்ல. ஒன்றரை மணிக்குப் போனதுதான் தப்புன்னு வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். "நான் அப்பவே சொன்னேன்"ங்கிறார், சொல்லவே இல்ல. லாத்தா, கூட்டாளி வீட்டுக்கு இன்னிக்கே போன் போட்டாச்சு, நீங்க சொன்ன மாதிரியே கோவிச்சுக்கிட்டாங்க.

இன்னும் ரெண்டு கேள்வி. தனுஷ்கோடி போற வழியில கொட்டகை போட்டு மீன் வறுத்துத் தர்றாங்களே, அதை நம்பிப் புள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பத்து மாசக் குழந்தைக்கு வெளியில என்ன கொடுக்கிறது? பால் குடுக்க மறைவா இடம் கிடைக்குமா?

சப்ளையர் சேது:

ஆட்டோ தம்பிக்கு வணக்கம். புளியோதரை நல்ல யோசனை, என் தொழிலைக் கெடுத்தாலும் பரவால்ல.

தனுஷ்கோடி கொட்டகைக் கடைக பாவப்பட்ட சனங்க கடை, நல்ல மீன் வச்சிருப்பாங்க. பொரிச்சு அடுக்கி வச்சதை எடுக்காதீங்க. பச்சை மீனைக் காட்டச் சொல்லி, நீங்களே எடுத்துக் கொடுத்து, கண்ணு முன்னாடி பொரிக்கச் சொல்லுங்க. சட்டியில எண்ணெய் கருத்துக் கெட்டியா இருந்தா அடுத்த கொட்டகைக்கு நடங்க. அங்கயும் மசாலா தடவாத துண்டுதான் கேக்கணும், ஆனா கொட்டகையில அது சுலபம், எல்லாம் கைக்கெட்டுற தூரம். அரிச்சல்முனை வரைக்கும் மர நிழல் கிடையாது, மணல் கொதிக்கும். 1964 புயல்ல போன ஊரைப் புள்ளைகளுக்குக் காட்டணும்னா கோயிலுக்கு முன்னாடி காலையிலயே போயிட்டு வந்துருங்க. சாயங்காலத்துக்கு மேல போலீஸ் உள்ள விடாது.

பத்து மாசத்துக்கு இட்லிதான் ராசா. இட்லியை வெந்நீர்ல பிசைஞ்சு கொடுங்க, சாம்பார் தொடவே வேணாம். சத்துமாவு, பால்பொடி கரைக்கிறதா இருந்தா வெந்நீரைச் சப்ளையர்கிட்ட கேக்காதீங்க. அவன் போய்ச் சமையக்கட்டுல கேட்டு, அவங்க சோறு வடிக்கிற அண்டாவைக் காட்டுவாங்க. நேரா முன்பக்கம் டீ மாஸ்டர்கிட்ட போங்க. அவர் பாய்லர்ல தண்ணி எப்பவும் கொதிச்சுட்டே இருக்கும், பிளாஸ்க்கை நீட்டினா ரொப்பித் தருவார். காசு வாங்க மாட்டார், ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

பால் குடுக்கணும்னா பஸ் ஸ்டாண்டுல தாய்மார் அறை இருக்கும், 2015-ல கவர்மெண்டு ஆரம்பிச்சது. ஹோட்டல்லன்னா கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட வெட்கப்படாம கேளுங்க. மேல ஒரு ஹாலோ ஸ்டோர் ரூமோ ஃபேனோட எல்லா இடத்துலயும் இருக்கும். பன்னிரண்டுக்கு முன்னாடி கேட்டீங்கன்னா நாற்காலியும் தூக்கிட்டு வந்து போடுவாங்க.